பெங்களூர்ல ஒரு லாரா வி.ஆர்.எஸ்-க்கு அலுமினியம் இன்டேக் மேனிஃபோல்ட் போட்டது: முழு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி ஸ்கோடா லாரா வி.ஆர்.எஸ், 1.8 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். இந்தியாவுக்கு 2011-ல வந்த மாடல், கம்பெனில இருந்து வரும்போது 160 குதிரை, 250 நியூட்டன் மீட்டர். எங்க கராஜுக்கு வரும்போது 96,000 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு. மூணு வருஷம் முன்னாடியே ஸ்டேஜ் 1 ரீமேப் (பவர் கூட்டறதுக்காக எஞ்சின் கம்ப்யூட்டரோட சாஃப்ட்வேரை மாத்தறது) ஆயிடுச்சு, அது தவிர ஏர் ஃபில்டர் மட்டும் மாத்தியிருக்கு. டர்போ, இன்டர்கூலர் (டர்போ அழுத்தின காத்தை குளிர வைக்கறது), எக்ஸாஸ்ட் எல்லாம் கம்பெனி சாமான்தான்.

ஓனர் சேலத்துக்காரர், ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை. தினமும் அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக், மாசம் ஒரு தடவை ஹோசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் வழியா ஊருக்கு, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். வண்டி மேல உயிரையே வச்சிருக்கறவர். கராஜ் கம்மனஹள்ளில, நடத்துறவர் கோயம்புத்தூர் அண்ணன், ஃபோக்ஸ்வாகன் குரூப் வண்டில அவருக்கு நல்ல பழக்கம். நான் அங்க ஸ்கேனர், லாகிங் (ஓடும்போது சென்சார் அளவுகளை பதிவு பண்றது), டயக்னாஸ்டிக்ஸ் பாக்குறேன். இதை எழுதறதுக்கு காரணம், இன்டேக் மேனிஃபோல்ட் (காத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிச்சு அனுப்பற பாகம்) மாத்தணும்னு வர்ற நிறைய பேர் எதுக்கு மாத்தறோம்னு தெளிவா தெரியாமலே லட்சக்கணக்குல செலவு பண்றாங்க, இந்த வண்டில ஒவ்வொரு கட்டத்துலயும் அளந்து பாக்க முடிஞ்சுது, அந்த அளவெல்லாம் வெளிய தெரியணும்.

வந்தப்போ இருந்த கம்ப்ளெயின்ட்

செக் எஞ்சின் லைட் வந்து வந்து போகுது, காலைல ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் ஐடில் உதறுது, 2,000 ஆர்பிஎம் பக்கத்துல மிதிச்சா ஒரு தயக்கம். இதோட மேல் ஆர்பிஎம்ல வண்டி மூச்சு விடாம திணறுதுன்னும் சொன்னார். அதனால பெரிய ப்ளீனம் (மேனிஃபோல்ட்ல காத்து முதல்ல வந்து சேர்ற அறை) வச்ச அலுமினியம் மேனிஃபோல்ட் போட்டுடலாம்னு ஏற்கனவே முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருந்தார். கூட வந்த அவரோட மச்சான், ஷார்ட் ரன்னர் (அந்த அறையில இருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் போற குழாய், குட்டையா) வச்சு ஷீட் மெட்டல்ல வெல்டு பண்ணி போட்டா 20 குதிரை ஏறும்னு உறுதியா சொன்னார்.

அண்ணன் ஒண்ணுதான் கேட்டார். "தம்பி, மேல திணறுதுன்னு சொல்றீங்க சரி, திணறுறது மேனிஃபோல்டாலதான்னு எப்படி தெரியும்?" அதுக்கு யார்கிட்டயும் பதில் இல்ல. முதல்ல ஒரு வாரம் லாக் எடுக்கலாம், அது வரைக்கும் எந்த சாமானும் ஆர்டர் பண்ண வேண்டாம்னு பேசி முடிச்சோம்.

ஸ்கேன்லயும் லாக்லயும் தெரிஞ்சது

ஸ்கேனர் போட்டதும் பி2015-ங்கற ஃபால்ட் கோடு இருந்துச்சு, மேனிஃபோல்ட் ஃப்ளாப் இருக்க வேண்டிய நிலைல இல்லன்னு சொல்றது. இந்த எஞ்சின்ல கம்பெனி மேனிஃபோல்ட் பிளாஸ்டிக், உள்ள நாலு ரன்னர்லயும் ஒவ்வொரு ஃப்ளாப், நாலும் ஒரே ஷாஃப்ட்ல. ஒரு முனைல வேக்குவம் ஆக்சுவேட்டர், அதை இயக்கறது என்316 வால்வு. இன்னொரு முனைல ஃப்ளாப் எங்க நிக்குதுன்னு பாக்குற ஜி336 சென்சார். கம்மி ஆர்பிஎம்ல ஃப்ளாப் மூடி இருக்கும், காத்து போர்ட்டோட மேல் பாதி வழியா வேகமா போய் சிலிண்டருக்குள்ள சுழலும், பெட்ரோலோட நல்லா கலக்கும். வருஷக்கணக்கா ஆடி ஆடி லிங்கேஜ் தேஞ்சா, கூடவே கார்பனும் சேந்தா, ஃப்ளாப் போக வேண்டிய அளவுக்கு மேல போகுது, சென்சார் வேல்யூ எல்லை தாண்டுது, கோடு விழுது. வயசான வண்டில இது எதிர்பாக்கற தேய்மானம்தான். கையால ஆக்சுவேட்டர் கம்பியை அசைச்சு பாத்தா ஆட்டம் நல்லாவே தெரிஞ்சுது.

அடுத்தது சங்கிலி. இந்த மாடல் வருஷத்து எஞ்சின்ல டைமிங் செயின் டென்ஷனர் பாக்காம வேற எதுலயும் காசு போடக்கூடாது, அது விட்டுச்சுன்னா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், அப்புறம் மேனிஃபோல்ட் பத்தி பேசவே தேவையில்ல. கேம் ஃபேஸ் அடாப்டேஷன் (கேம்ஷாஃப்ட் தன் நிலைல இருந்து எவ்ளோ தள்ளியிருக்குன்னு எஞ்சின் கம்ப்யூட்டர் வச்சிருக்கற கணக்கு) பாத்தோம், செயின் நீளலைன்னு உறுதியாச்சு. கம்ப்ரெஷன் நாலு சிலிண்டர்லயும் 11 பாருக்கு மேல, ஒண்ணுக்கொண்ணு பெரிய வித்தியாசம் இல்ல. ஐடில்ல மிஸ்ஃபயர் கவுன்ட் (சிலிண்டர் சரியா எரியாம விட்ட எண்ணிக்கை) மட்டும் மூணாவது சிலிண்டர்ல ஏறிட்டே இருந்துச்சு, வண்டி சூடானதும் நின்னுடும். டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போறதால இன்டேக் வால்வு மேல அது படறதே இல்ல, கழுவவும் வழியில்ல, பி.சி.வி (எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவியை திரும்ப இன்டேக்குக்கே விடற வால்வு) வழியா வர்ற ஆயில் ஆவி வால்வுல படிஞ்சு கருகி கெட்டியாகுது. போர்ஸ்கோப் (உள்ள விட்டு பாக்கற மெல்லிசான கேமரா) விட்டு பாத்தப்போ வால்வு ஸ்டெம் தெரியாத அளவுக்கு கார்பன், பழைய தோசைக்கல்லு ஓரத்துல ஏறின கரி மாதிரி அடுக்கு அடுக்கா.

மேல் ஆர்பிஎம் விஷயத்துக்கு வர்றேன், இந்த கேஸ்ல முக்கியமான இடம் இதுதான். மூணாவது கியர்ல 2,000-ல இருந்து 6,500 வரைக்கும் முழு மிதி லாக் எடுத்தோம், விடியக்காலைல ஹோசூர் தாண்டி. ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) கேக்குற பூஸ்ட் (டர்போ கொடுக்கற காத்து அழுத்தம்), உண்மையா வர்ற பூஸ்ட், வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்ட்டை டர்போவுக்குப் போகாம வெளிய விடற வாசல்) டியூட்டி (அதை மூடிப் பிடிக்கற அளவு), இன்டேக் டெம்பரேச்சர், நாலும் ஒண்ணா. 5,200 ஆர்பிஎம் வரைக்கும் கேட்டதும் வந்ததும் ஒட்டியே போகுது, 2.05 பார் அப்சல்யூட் (வெளிக்காத்து அழுத்தமும் சேந்தது) பக்கம். அதுக்கு மேல கேக்குறது அங்கயே நிக்குது, வர்றது மட்டும் இறங்கிட்டே போய் 6,200-ல 1.85 தான். அந்த நேரம் வேஸ்ட்கேட் டியூட்டி 95 சதவீதம். அப்படின்னா ஈசியு தன்னால முடிஞ்ச வரைக்கும் வேஸ்ட்கேட்டை மூடிப் பிடிச்சிருக்கு, டர்போகிட்டதான் கொடுக்க ஒண்ணும் மிச்சமில்ல. மேனிஃபோல்ட் அடைப்பு காரணமா இருந்தா ப்ளீனத்துல பிரஷர் இப்படி இறங்காது, பிரஷர் கேட்ட அளவுக்கு இருக்கும், காத்தோட அளவுதான் குறைவா போகும்.

இதுல பெங்களூருக்குன்னே ஒரு கணக்கு இருக்கு, இதை யாரும் பெருசா பேசறதில்ல. ஊர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கு. இக்னிஷன் மட்டும் ஆன் பண்ணி எஞ்சின் ஸ்டார்ட் பண்ணாம மேனிஃபோல்ட் பிரஷர் சென்சாரை பாத்தா 910 மில்லிபார் பக்கம்தான் காட்டும், கடற்கரைல 1,013. ஏர் ஃபில்டர்ல ஒரு 30 மில்லிபார் போச்சுன்னா டர்போ வாய்க்கு வர்றது 880. அதை 2,050 ஆக்கணும்னா 2.33 மடங்கு அழுத்தணும். சேலத்துல வெளிப் பிரஷர் 980 கிட்ட, அதே கணக்குக்கு 2.16 மடங்கு போதும். சின்ன டர்போவுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு, சுத்துற வேகமும் கூடும், காத்தும் அதிகமா சூடாகும். ஓனர் ஊருக்குப் போனப்போ லாகரை கூடவே கொடுத்து விட்டோம், சேலம் தாண்டி எடுத்த லாக்ல அதே வண்டி அதே மேனிஃபோல்டோட 5,700 வரைக்கும் கேட்ட பூஸ்டை பிடிச்சு நின்னுச்சு. மேனிஃபோல்ட்தான் தடைன்னா ஊர் மாறினதும் இது மாறியிருக்கக் கூடாதே. அந்த லாகை பாத்தப்புறம்தான் மச்சானும் ஒத்துக்கிட்டார்.

இன்டேக் டெம்பரேச்சர் இன்னொரு பக்கம். வெளிய 27 டிகிரி இருக்கும்போது ரெண்டு தடவை முழு மிதில இழுத்ததும் 58 டிகிரி. கம்பெனி இன்டர்கூலர் ஸ்டேஜ் 1 சூட்டுக்கு பத்தல. பவர் வேணும்னா காசு முதல்ல போக வேண்டிய இடம் இன்டர்கூலர்னு அண்ணன் அப்பவே நேரா சொல்லிட்டார்.

எந்த மேனிஃபோல்ட், ஏன்

பவருக்காக மேனிஃபோல்ட் தேவையில்லன்னு தெரிஞ்சாலும், பி2015 இருக்கறதால எப்படியும் ஏதாவது ஒண்ணு பண்ணியாகணும். நாலு வழி இருந்துச்சு. ஆக்சுவேட்டர் அளவுக்கு மேல போகாம தடுக்கற மாதிரி ஒரு மெட்டல் பிராக்கெட் கிடைக்குது, விலையும் கம்மி, ஆனா அது கோடு வராம பாத்துக்கும், உள்ள ஷாஃப்ட்ல இருக்கற ஆட்டத்தை சரி பண்ணாது. ரெண்டாவது புது கம்பெனி மேனிஃபோல்ட், பேசாம இதுவே போதும்னு சொல்ற ஆளுங்க நிறைய, நானும் சாதாரண ஓட்டத்துக்கு அதைத்தான் சொல்வேன். மூணாவது ஃப்ளாப் இல்லாத காஸ்ட் அலுமினியம் மேனிஃபோல்ட், வெளிநாட்டுல இருந்து வரணும், கஸ்டம்ஸ் டியூட்டியோட லட்சத்துக்கு மேல. நாலாவது மச்சான் சொன்ன ஷீட் மெட்டல் வேலை.

ஷீட் மெட்டலை முதல்லயே தள்ளிட்டோம். ரன்னர் நீளம் குறைஞ்சா, உள்ள முன்னும் பின்னும் போற காத்து அலை சிலிண்டரை நிரப்ப உதவுற ஆர்பிஎம் மேல போயிடும். இந்த டர்போ மேல் ஆர்பிஎம்லதான் படுத்துக்குதுன்னு லாக்லயே பாத்தாச்சு, அங்க கிடைக்கற ஆதாயம் ஒண்ணுமில்ல, மாரத்தஹள்ளி டிராஃபிக்ல ரெண்டாவது கியர்ல தேவைப்படுற இழுவைதான் போயிடும். ப்ளீனம் ரொம்பப் பெருசானா மிதிச்சதும் அதை நிரப்பவும் கொஞ்சம் நேரம் எடுக்கும். இதைவிட பெரிய பயம் வெல்டு. உள்பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கற ஒரு சின்ன வெல்டு மணி கழண்டு வால்வு வழியா போச்சுன்னா எஞ்சினே போச்சு, கை போகாத இடத்துல அது இருக்கா இல்லையான்னு பாக்கவும் முடியாது.

ஓனர் கேட்டுக்கிட்டது காஸ்ட் அலுமினியம். டிராக்ல வண்டி ஓட்டறார், பின்னாடி இன்டர்கூலரும் பெரிய டர்போவும் போடற எண்ணம் இருக்கு, ஃப்ளாப் தொல்லை திரும்ப வரக்கூடாது, அதுக்கு செலவு பண்ண தயார்னு சொன்னார். பவர் ஏறாதுன்னு தெரிஞ்சு எடுத்த முடிவு, அதனால நாங்களும் சரின்னோம். ரன்னர் நீளம் கம்பெனி அளவை ஒட்டியே இருக்கற டிசைனா பாத்து எடுத்தோம். சூடு ஏறாம இருக்க ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல 5 மில்லிமீட்டர் ஃபெனாலிக் ஸ்பேசர் (சூட்டை தடுக்கற இடைத்தகடு) ஒண்ணும் சேத்தோம், ஏன்னா பிளாஸ்டிக் மேனிஃபோல்ட் சூட்டை அதிகம் கடத்தாது, அலுமினியம் நல்லா கடத்தும், ரிங் ரோட்டுல ஊர்ந்து போற வண்டிக்கு அது பிரச்சனை.

சட்டம் பத்தியும் பேசினோம், பேசாம விடக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அளவுல இருந்து வண்டியை மாத்தக்கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிடுச்சு. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை தொடறதில்ல, பொல்யூஷன் டெஸ்ட் பாஸ் ஆகணும், இன்சூரன்ஸுக்கு எழுத்துல சொல்லணும், பழைய சாமான் எதையும் தூக்கிப் போடக்கூடாதுன்னு முடிவாச்சு. இன்சூரன்ஸ்காரங்க பதில் என்னவா இருந்தாலும் அந்தப் பொறுப்பு ஓனருக்குத்தான்னும் தெளிவா சொல்லிட்டோம்.

சாமான் வர்றதுக்குள்ள நடந்தது

மேனிஃபோல்டை கழட்டினா கார்பன் க்ளீனிங்கும் சேத்து ஒரே வேலையா முடிக்கலாம்னுதான் பிளான். மேனிஃபோல்ட் கிட் வந்துடும்னு சொன்ன தேதியை நம்பி வண்டியை பிரிச்சாச்சு. ஹை பிரஷர் லைன்ல 100 பாருக்கு மேல பெட்ரோல் நிக்கும், பிரஷரை இறக்கிட்டுதான் கை வைக்கணும். ஒவ்வொரு சிலிண்டரா வால்வு மூடியிருக்கற மாதிரி கையால கிராங்கை சுத்தி நிறுத்தி, வால்நட் ஓட்டுப் பொடி அடிச்சு வேக்குவம்ல உறிஞ்சி எடுத்தோம். மூணாவது சிலிண்டர்லதான் கார்பன் அதிகம், மிஸ்ஃபயர் கவுன்டும் அதே சிலிண்டர்தான் காட்டியிருந்துச்சு. பி.சி.வி-யும் புதுசு மாத்தினோம், பழசோட டயஃப்ரம் விரைச்சுப் போயிருந்துச்சு.

கிட் கஸ்டம்ஸ்ல நின்னுடுச்சு. ஓனருக்கு ஆபீஸ் போக வண்டி வேணும். அதனால பழைய பிளாஸ்டிக் மேனிஃபோல்டையே புது கேஸ்கெட் போட்டு திரும்ப மாட்டி, ஆக்சுவேட்டருக்கு அந்த மெட்டல் பிராக்கெட்டை தற்காலிகமா வச்சு அனுப்பினோம். அப்போ எல்லாருக்கும் எரிச்சல்தான், ஒரே வேலையை ரெண்டு தடவை செய்யணுமேன்னு. ஆனா அதனாலதான் க்ளீனிங் எவ்ளோ கொடுத்துச்சு, மேனிஃபோல்ட் எவ்ளோ கொடுத்துச்சுன்னு தனித்தனியா பாக்க முடிஞ்சுது. வழக்கமா ரெண்டும் ஒரே நாள்ல நடக்கும், வண்டி நல்லா ஓடும், பேர் புது சாமானுக்குப் போயிடும்.

நாலாவது கியர்ல 60-ல இருந்து 100 வரைக்கும், அதே ரோடு, அதே விடியக்காலை நேரம், எக்ஸ்.பி.95 பெட்ரோல், வண்டில ரெண்டு பேர். வந்தப்போ 6.4 செகண்ட். க்ளீனிங் ஆகி பழைய மேனிஃபோல்டோட 5.7. மிஸ்ஃபயர் கவுன்ட் பூஜ்யம், காலை உதறல் இல்ல, 2,000-ல இருந்த தயக்கமும் முக்கால்வாசி காணோம். ஓனர் போன் பண்ணி "அண்ணா, புது மேனிஃபோல்ட் போட்ட மாதிரியே இருக்கு"ன்னார். கிட்டை திருப்பி அனுப்ப வழியிருந்தா அந்த நேரத்துல அனுப்பியிருக்கலாம், ஆனா கஸ்டம்ஸ் டியூட்டி கட்டியாச்சு, அவருக்கும் பின்னாடி போகப்போற பில்டுக்கு அது வேணும்.

கிட் வந்ததும் செஞ்ச சோதனை

பெட்டியை பிரிச்சதும் மாட்டல. ஹெட்ல உக்கார்ற முகத்தை ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சு ஃபீலர் கேஜ்ல (இடைவெளி அளக்கற மெல்லிசான தகடுகள்) பாத்தோம், நாலாவது ரன்னர் ஓரத்துல 0.15 மில்லிமீட்டர் தகடு நுழையுது. காஸ்டிங் ஆறும்போது இப்படி கொஞ்சம் திருகிக்கறது சகஜம், நல்ல விலை கொடுத்த சாமானா இருந்தாலும் அளக்கணும். பீன்யால ஒரு மெஷின் ஷாப்புக்கு எடுத்துட்டுப் போய் முகத்தை லேசா மில்லிங் பண்ணி வாங்கினோம். அங்க இருக்கற பெரியவர் சாமானை கிளாம்ப் பண்ற விதத்தை பக்கத்துல நின்னு பாத்தேன், இறுக்கிப் பிடிச்சா கிளாம்ப்ல நேரா இருக்கும், அவுத்ததும் திரும்ப வளையும், அதனால அடில மெல்லிசா தகடு கொடுத்து சாமான் தன்னோட நிலையிலயே உக்காந்தப்புறம்தான் கட்டர் ஓட்டினார். அதுக்கப்புறம் உள்ள வெளிய மண்ணெண்ணெய்ல கழுவி, காத்து அடிச்சு, வெள்ளைத் துணி விட்டு துடைச்சு, துணில ஒரு துகள் கூட ஒட்டாம வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப செஞ்சோம்.

மாட்டினது

ஃப்ளாப் இல்லாத மேனிஃபோல்டுன்னா ஹெட் போர்ட்டுக்குள்ள நடுவுல இருக்கற தடுப்புத் தகடு நாலையும் எடுத்துடணும். என்316 வால்வோட கனெக்டரை கழட்டாம அப்படியே விட்டோம், கழட்டினா சர்க்யூட் ஓப்பன்னு இன்னொரு கோடு வரும், அதோட வேக்குவம் ஹோஸை மட்டும் மூடினோம். ஜி336 கண்காணிப்பை ரீமேப் பண்றவர் ஈசியு ஃபைல்ல நிறுத்திக் கொடுத்தார். போல்ட் நடுவுல இருந்து வெளிப்பக்கமா, ரெண்டு சுத்தா, கிட் பேப்பர்ல சொன்ன 9 நியூட்டன் மீட்டர். கை ஸ்பானர்ல இறுக்கினா இந்த அளவு தெரியாது, அலுமினியம் த்ரெட் உருவிட்டு வந்துடும்.

கீழ எஞ்சின் பிளாக்ல இருந்து மேனிஃபோல்டை தாங்கற சப்போர்ட் பிராக்கெட் ஒண்ணு இருக்கு. ஸ்பேசர் போட்டதால மேனிஃபோல்ட் 5 மில்லிமீட்டர் வெளிய தள்ளி உக்காந்துச்சு, பிராக்கெட் ஓட்டை நேரா வரல. ஓட்டையை அரம் போட்டு நீளமாக்கி போல்ட் ஏத்தினாங்க. குளிர்ந்த எஞ்சின்ல ஸ்மோக் டெஸ்ட் (உள்ள புகை விட்டு லீக் தேடறது) எடுத்தோம், எங்கயும் புகை இல்ல. ஸ்டார்ட் பண்ணோம், ஐடில் நல்லா நின்னுச்சு, ஃபியூவல் ட்ரிம் (ஈசியு பெட்ரோலை கூட்டிக் குறைக்கற சதவீதம்) ப்ளஸ் 2. வண்டியை கொடுத்து விட்டோம்.

சூடானா மட்டும் வந்த லீக்

ஒரு வாரத்துல செக் எஞ்சின் லைட். இந்த தடவை லீன் கோடு, அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் பத்தலன்னு. ஓனர் சொன்னது, காலைல ஒண்ணுமில்ல, சாயங்காலம் டிராஃபிக்ல முக்கால் மணி நேரம் நின்னா ஐடில் மேல கீழ ஆடுது. லாக்ல பாத்தா குளிர்ந்தப்போ ட்ரிம் ப்ளஸ் 2, நல்லா சூடானதும் ஐடில்ல ப்ளஸ் 11, ஆனா அதே சூட்டுல 3,000 ஆர்பிஎம்ல திரும்ப ப்ளஸ் 2. ஐடில்ல மட்டும் ஏறுது, ஆர்பிஎம் கூடினா மறையுதுன்னா த்ராட்டிலுக்குப் பின்னாடி கணக்குல வராத காத்து உள்ள போகுது, அந்த லீக் அளவு ஒரே மாதிரி இருக்கறதால மொத்தக் காத்து அதிகமாகும்போது அது தெரியாம போயிடுது. மிஸ்ஃபயர் கவுன்ட் நாலாவது சிலிண்டர்ல மட்டும் ஒண்ணு ரெண்டுன்னு. தேட வேண்டிய இடமும் அதுலயே தெரிஞ்சுது.

குளிர்ந்த வண்டில ஸ்மோக் விட்டா இது கிடைக்காதுன்னு வண்டியை ஐ.டி.பி.எல் ரோடு டிராஃபிக்ல ஓட்டிட்டு வந்து, பானட் தூக்கினதும் ஃபேன் ஓயற வரைக்கும் கூட காத்திராம ஸ்மோக் மெஷினை மாட்டினோம். மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியல. கீழ சின்ன கண்ணாடி விட்டு டார்ச் அடிச்சப்போ நாலாவது ரன்னருக்கு அடிப்பக்கம், ஸ்பேசரும் பேப்பர் கேஸ்கெட்டும் சேர்ற கோட்டுல, நூல் மாதிரி புகை மேல வராம பக்கவாட்டுல பிளாக்கை ஒட்டிப் போயிட்டு இருந்துச்சு. கீழ் வரிசை போல்ட்ல டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கற ஸ்பானர்) வச்சா 9 இருக்க வேண்டியது 5-க்கே அசையுது. பேப்பர் கேஸ்கெட் முதல் சில சூட்டுல அமுங்கி உக்காந்துடுச்சு, அதனால போல்ட் பிடி தளர்ந்துச்சு. அதோட பிராக்கெட் ஓட்டை நீளமாக்கினாலும் பிராக்கெட்டோட முகம் இன்னும் சாய்ஞ்சுதான் உக்காந்திருக்கு, அலுமினியம் சூட்டுல விரியும்போது அது மேனிஃபோல்டோட கீழ் ஓரத்தை ஹெட்ல இருந்து வெளிய நெம்பிடுது. ஆறினா திரும்ப மூடிக்குது.

திரும்பவும் இறக்கி புது கேஸ்கெட், பீன்யால 5 மில்லிமீட்டர் கூடுதலா எடுத்த புது பிராக்கெட். மேனிஃபோல்டை முழுசா இறுக்கினப்புறம் பிராக்கெட் போல்ட் ரெண்டும் விரலாலயே உள்ள ஏறுதான்னு பாத்துட்டுத்தான் ஸ்பானர் எடுத்தோம். மூணு தடவை முழுசா சூடாக்கி ஆற விட்டு, ஒவ்வொரு தடவையும் குளிர்ந்தப்புறம் டார்க் பாத்தோம், முதல் தடவை கொஞ்சம் இறங்கியிருந்துச்சு, மூணாவது தடவை அசையல. சூட்டுல ஸ்மோக் டெஸ்ட் க்ளீன். ட்ரிம் எல்லா நிலைலயும் ப்ளஸ் 2-க்குள்ள.

முடிவுல என்ன கிடைச்சுது

60-ல இருந்து 100 வரைக்கும் 5.6 செகண்ட். க்ளீனிங் ஆன பழைய மேனிஃபோல்ட்ல 5.7. இந்த வித்தியாசம் ரோட்டுல எடுக்கற அளவோட பிழைக்குள்ளயே வந்துடும், ஆதாயம்னு கணக்குல எடுத்துக்க முடியாது. மேல் ஆர்பிஎம்ல பூஸ்ட் அதே 5,200-லதான் விழ ஆரம்பிக்குது. 2,000-ல இருந்து 2,500 வரைக்கும் முன்ன விட கொஞ்சம் மந்தம், ஓட்டறவருக்குத் தெரியுது, லாக்லயும் பூஸ்ட் ஏற ஒரு நொடிப்பொழுது கூடுது. காலைல முதல் ஒரு நிமிஷம் ஐடில்ல லேசா கரகரப்பு இருக்கு, ஃப்ளாப் போனதோட விலை அது, பெங்களூர் குளிருக்கு இவ்ளோதான், டெல்லி ஜனவரில இன்னும் அதிகமா தெரியும்னு நினைக்கறேன். டிராஃபிக்ல நிக்கும்போது இன்டேக் டெம்பரேச்சர் 48-ல இருந்து 55 ஆச்சு, ஸ்பேசர் இருந்தும். ஓட ஆரம்பிச்சா இறங்கிடுது.

நல்லதுன்னு பாத்தா பி2015 அதுக்கப்புறம் வரல, தேய்றதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. இருங்காட்டுக்கோட்டைல ஒரு நாள் முழுக்க ஓட்டி வந்தப்புறமும் ட்ரிம், டார்க், ஸ்மோக் எல்லாம் சரியா இருந்துச்சு. பொல்யூஷன் டெஸ்ட் பாஸ். ஓனருக்கு திருப்திதான், எதுக்கு காசு கொடுத்தார்னு அவருக்கு முன்னாடியே தெரியும்ங்கறதால ஏமாந்த உணர்வு இல்ல.

இனிமே மாத்தி செய்யப்போறது

இந்த எஞ்சினோட மேனிஃபோல்ட் அப்கிரேடு கேட்டு வர்ற யாருக்கும் முதல்ல போர்ஸ்கோப், தேவைன்னா கார்பன் க்ளீனிங், அதுக்கப்புறம் வண்டியை ரெண்டு வாரம் ஓட்டச் சொல்லி திரும்ப லாக். லேபர் ரெண்டு தடவை ஆகும்னு சொல்லிட்டுத்தான் செய்யணும், ஒத்துக்காதவங்க இருப்பாங்க, ஆனாலும் சொல்லணும். டிராக் பக்கமே போகாத, டர்போ மாத்துற எண்ணமும் இல்லாத வண்டிக்கு புது கம்பெனி மேனிஃபோல்ட்தான், அலுமினியம் கேட்டாலும் ஏன் வேண்டாம்னு லாகை காட்டிப் பேசப் போறோம். பவர்தான் வேணும்னா வேஸ்ட்கேட் டியூட்டியும் இன்டேக் டெம்பரேச்சரும் எங்க கை காட்டுதோ அங்க முதல்ல போகணும்.

வேலை முறைல, ஸ்பேசர் போட்டா சப்போர்ட் பிராக்கெட்டை அதே நாள்ல புதுசா செஞ்சாகணும், ஓட்டையை இழுத்து சமாளிக்கறது இல்ல. பேப்பர் கேஸ்கெட் போட்ட எந்த வண்டியும் மூணு சூட்டுக்கும் டார்க் சோதனைக்கும் முன்னாடி கராஜ் வாசலை தாண்டாது. ஸ்மோக் டெஸ்ட் குளிர்ல ஒண்ணு, டிராஃபிக்ல ஓட்டிட்டு வந்து சூட்டுல ஒண்ணு.

இந்த வண்டிக்கு அடுத்தது இன்டர்கூலர், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பெங்களூர்லயும் சேலத்துலயும் லாக் எடுக்கறதா பேசியிருக்கோம். பழைய பிளாஸ்டிக் மேனிஃபோல்ட், ஃப்ளாப், தடுப்புத் தகடு நாலும், பழைய ஈசியு ஃபைலோட ஓனர்கிட்டயே இருக்கு. வால்வு கார்பனை 1,30,000 கிலோமீட்டர்ல திரும்ப போர்ஸ்கோப் விட்டு பாக்கணும்.